பட்டியலில் வராத சரக்குப் பெட்டி: என் அனுபவம்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமான சிமுலேட்டர் விளையாட்டில், யூஎச்-1எச் ஹெலிகாப்டர் சரக்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுமக்கும் ஒரு மிஷன் போட்டேன். வானொலி மெனுவைத் திறந்தால் சரக்குப் பட்டியலே காலி. பெட்டியோ கண்ணெதிரே தரையில் கிடக்கிறது. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகுதான் பிடிபட்டது: மிஷனை உருவாக்கும்போது பெட்டியை ஸ்டேட்டிக் ஆப்ஜெக்டாக (தானாக நகராத பொருளாக) வைத்தேன், அதை வேறு வகையிலிருந்து எடுத்திருந்தேன். வகையைக் 'கார்கோ' என்று மாற்றி, 'கேன் பி கார்கோ' கட்டத்தில் டிக் போட்டதும் பட்டியலில் வந்துவிட்டது.

அப்புறம் எடை. முதலில் 2,000 கிலோ வைத்திருந்தேன். கயிறு விறைத்தது, ஹெலிகாப்டரை மேலே எழுப்பும் கலெக்டிவ் நெம்புகோலை இழுக்க இழுக்க ரோட்டர் வேகம் விழுந்தது, பெட்டி அசையவே இல்லை. இந்த ஹெலிகாப்டரின் மொத்த எடை வரம்பே 9,500 பவுண்டு, சுமார் 4,300 கிலோ. எரிபொருளும் ஆட்களும் அதில் அடக்கம். சரக்கை 800 கிலோவாக்கி, எரிபொருளையும் பாதியாகக் குறைத்தேன். அழகாக மேலே வந்தது.

இறக்குமிடத்தில் ட்ரிகர் ஸோன் (நிபந்தனை நிறைவேறியதா என்று விளையாட்டு பார்க்கும் வட்டப் பகுதி) வரைந்து, 'கார்கோ அன்ஹுக்ட் இன் ஸோன்' நிபந்தனையைச் சேர்த்தேன். வட்டத்துக்குள் கொக்கியைக் கழற்றினால்தான் அது நிறைவேறும், சும்மா மேலே பறந்தால் போதாது. வட்டத்தைத் தாராளமாகவே வரையுங்கள். தொங்கும் சரக்கு நன்றாக ஊசலாடும்.