சிறிய டீசல் காரில் பூஸ்ட் கேஜ் பொருத்துவது எப்படி

ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின், 2007இல் மாருதி ஸ்விஃப்ட்டில் இடம்பெற்ற பிறகு, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கார்களில் வெவ்வேறு பெயர்களில் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டுவிட்டதால், இன்று சாலையில் காணும் ஸ்விஃப்ட் டீசல்கள் எல்லாமே நன்றாக ஓடித் தேய்ந்தவை. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ்கள் விரிசல் விடும் பருவத்தில்தான் அவை இருக்கின்றன. "முன்பு போல் இழுக்கவில்லை" என்ற சந்தேகம் வரும்போது, அது ஹோஸின் கோளாறா, ஃபில்டரின் அடைப்பா, அல்லது ஓட்டுநரின் மனப்பிரமையா என்று பிரித்தறிய அந்தக் காரின் டேஷ்போர்டில் எந்தக் கருவியும் இல்லை. பூஸ்ட் கேஜ் அந்தக் குறையைத்தான் போக்குகிறது. அதைப் பொருத்துவதால் காரின் வேகம் கூடாது, மைலேஜும் கூடாது.

எந்தக் கேஜ்

டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது என்பதையே கேஜ் காட்டுகிறது. அளவு பாரிலோ பி.எஸ்.ஐ.யிலோ இருக்கும், 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. சந்தையில் 52 மி.மீ., 60 மி.மீ. என இரு விட்டங்களில் கேஜ்கள் கிடைக்கின்றன; சிறிய காரின் டேஷ்போர்டுக்கு 52 மி.மீ. போதும். டீசல் காருக்குச் சுழியிலிருந்து 2 பார் வரை காட்டும் முகப்பே பொருத்தமானது. பெட்ரோல் டர்போ கார்களுக்கென்று செய்யப்பட்ட கேஜ்களில் முகப்பின் கணிசமான பகுதி சுழிக்குக் கீழான வெற்றிட அளவுக்குப் போய்விடும். டீசலில் முள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அரிது.

இயந்திர வகைக் கேஜில் ஒரு மெல்லிய ஹோஸ் இன்ஜினிலிருந்து நேரே கேஜின் முதுகு வரை வரும். விளக்குக்கு மட்டுமே மின்சாரம் தேவை. மின்னணு வகையில் சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருந்துவிட, கேபினுக்குள் ஒயர் மட்டும் வரும். என்னைக் கேட்டால் மின்னணு வகையையே பரிந்துரைப்பேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்புத் தகடான ஃபயர்வாலைக் கடந்து ஹோஸை மடியாமல் கொண்டுவருவதைவிட ஒயரைக் கொண்டுவருவது எளிது. சாவியைத் திருப்பியதும் ஏழு வண்ணங்களில் திறப்பு விழா நடத்தும் மலிவு கேஜ்களைவிட, வெள்ளை முகப்பும் கறுப்பு எண்களும் கொண்ட சாதாரணக் கேஜைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் படிக்க முடியும்.

எதையும் கழற்ற மனமில்லாதவர்களுக்கு காரின் கோளாறு கண்டறிய உதவும் ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒரு மாற்று வழி. அதில் தெரியும் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி) அழுத்தம் முழு அழுத்தம் என்பதால், வெளிக்காற்றின் அழுத்தத்தை அதிலிருந்து கழித்தால்தான் பூஸ்ட் கிடைக்கும். அந்தப் பொதுவான அளவீடு 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. வாசிப்பும் சற்றுத் தாமதமாகவே வரும். ஆனால் கேஜ் பொருத்திய பிறகு அது காட்டும் எண் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த அடாப்டர் மிகவும் உதவும் என்பதால், இருந்தால் கையில் வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது

இந்த வேலையின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் மெல்லிய ஹோஸ்களில் ஏதாவது ஒன்றை வெட்டி, மூன்று வழி இணைப்பான டி-ஜாயின்ட் போட்டுவிடலாம் என்று தோன்றும். டீசல் காரில் அப்படிச் செய்யவே கூடாது. பெட்ரோல் இன்ஜினைப் போல இதன் மேனிஃபோல்டில் வெற்றிடம் உருவாவதில்லை. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தருவதற்கென்று கேம்ஷாஃப்டால் சுழலும் தனி வேக்யூம் பம்ப் இருக்கிறது. அதிலிருந்து செல்லும் ஹோஸில் கேஜை இணைத்தால், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் முள் வெற்றிடத்திலேயே நிற்கும். பூஸ்ட் ஒருபோதும் தெரியாது. தெரியாமல் போவதைவிடப் பெரிய ஆபத்து, அந்த இணைப்பு கசிந்தால் பிரேக்குக்கான உதவி குறைந்துவிடுவது.

இரண்டாவதாகத் தவிர்க்க வேண்டியது டர்போவின் கட்டுப்பாட்டை இயக்கும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் ஹோஸ். இந்த இன்ஜினின் 75 குதிரைத்திறன் வகையில் வேஸ்ட்கேட் எனும் கதவும், 90 குதிரைத்திறன் வகையில் திசை மாறும் இறக்கைகளும் டர்போவைக் கட்டுப்படுத்துகின்றன. வேஸ்ட்கேட் திறப்பதற்கான அழுத்தம் அந்தச் சின்ன ஹோஸ் வழியாகத்தான் வருகிறது. அதில் நாம் போட்ட டி-ஜாயின்ட் கசிந்தால், ஆக்சுவேட்டருக்கு உண்மையைவிடக் குறைந்த அழுத்தமே போய்ச் சேரும். கதவு தாமதமாகத் திறக்கும். பூஸ்ட் எல்லை மீறும். அளப்பதற்கென்று வைத்த கருவியே கோளாறுக்குக் காரணமாகிவிடும்.

சரியான இடம், இன்டர்கூலருக்குப் பிறகு மேனிஃபோல்டுக்குள் நுழையும் வரையிலான பாதை. அதில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, மேனிஃபோல்டு அழுத்த சென்சாரைக் கழற்றி, அதன் அடியில் ஒரு பக்கவாட்டு முனை கொண்ட அலுமினிய ஸ்பேசரை வைத்து, மீண்டும் சென்சாரை நீளமான ஸ்குரூவால் இறுக்குவது. ஹோஸ் எதையும் வெட்ட வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் சென்சாரின் மூக்கு காற்றின் வெப்பத்தையும் அளப்பதாக இருந்தால், தடித்த ஸ்பேசர் அதைக் காற்றோட்டத்திலிருந்து வெளியே இழுத்துவிடும். ஆகவே முடிந்த அளவு மெல்லிய ஸ்பேசரையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓ-ரிங் வெடித்திருந்தால் புதிதாக மாற்றிவிட வேண்டும். சென்சார் துளையில், வெளியேற்றப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வழியாக வந்த கரி படிந்திருப்பதைக் கண்டு திடுக்கிடத் தேவையில்லை. அதை உள்ளே தள்ளிவிடாமல் துணியால் வெளிப்பக்கமாகத் துடைத்தெடுத்தால் போதும்.

உங்கள் காரின் சென்சாருக்குப் பொருந்தும் ஸ்பேசர் கிடைக்காவிட்டால் இரண்டாவது வழி. இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் நேரான பகுதியை வெட்டி, நடுவில் மரை போட்ட துளையுள்ள ஒரு குட்டையான அலுமினியக் குழாயைச் செருகி, இருபுறமும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். குழாயின் வெளிவிட்டம் ஹோஸின் உள்விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். விளிம்பில் உருட்டிய மேடு இல்லாத குழாய், அழுத்தம் ஏறும்போது வழுக்கி வெளியே வந்துவிடும். இன்ஜின் தன் மவுன்ட்டிங்கில் ஆடுவதை வாங்கிக்கொள்ளும் வளைவான பகுதியில் வெட்டக் கூடாது. துளையும் மரையும் நீங்களே போடுவதானால், குழாயைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் போட வேண்டும். காரில் இருக்கும்போதே துளையிட்டால் உலோகப் பிசிர் நேரே இன்ஜினுக்குள் போகும்.

மின்னணுக் கேஜின் சென்சாரை வாங்கும்போது அதன் மரையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வகை 1/8 என்.பி.டி. மரையும், ஜப்பானியக் கேஜ்களில் வரும் 1/8 பி.டி. மரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முன்னதில் அங்குலத்துக்கு 27 புரிகள், பின்னதில் 28, கோணமும் வேறு. ஒன்றுக்குள் மற்றொன்று முதல் இரண்டு மூன்று சுற்றுகள் இலகுவாகப் போய்ப் பிறகு பிடித்துக்கொள்ளும். அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கிழியும்.

கேஜின் சென்சாரை இன்ஜின் மேல் நேரடியாகப் பொருத்துவதைவிட, அதிர்வும் வெப்பமும் குறைந்த ஃபயர்வால் அல்லது ஸ்ட்ரட் டவர் அருகே பாடியில் பொருத்தி, 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிகான் ஹோஸால் இணைப்பது நல்லது. காற்றெடுக்கும் இடத்தைவிடச் சென்சார் உயரத்தில், வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் டர்போவிலிருந்து வரும் மெல்லிய எண்ணெய்ப் படலம் சென்சாருக்குள் தேங்காமல் திரும்ப வடியும். ஹோஸ் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகக் கேஜ் பதிலளிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் அருகில் அதைக் கொண்டுசெல்லவே கூடாது.

பெட்ரோல் டர்போ கார் வைத்திருப்பவர்கள் த்ராட்டிலுக்குப் பிறகு, அதாவது மேனிஃபோல்டிலிருந்தே அழுத்தத்தை எடுக்க வேண்டும். த்ராட்டிலுக்கு முன்னால் எடுத்தால் வெற்றிடம் தெரியாது. இடையில் ஒருவழி வால்வு உள்ள ஹோஸ்கள் அங்கும் பயன்படா.

ஃபயர்வாலைக் கடந்து

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிட்டு, காற்றுப்பை உள்ள கார் என்றால் சற்று நேரம் காத்திருந்த பிறகே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். சில கார்களில் இசைப்பெட்டி மறுபடி இயங்கக் குறியீட்டு எண் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபயர்வாலில் புதுத் துளை போட வேண்டியதில்லை. தொழிற்சாலை ஒயரிங் கேபினுக்குள் நுழையும் இடத்தில் பெரிய ரப்பர் குரோமெட் இருக்கும். அதன் ஓரத்தில், ஒயர்களுக்குப் படாமல் சிறு கீறல் போட்டு, முனை மழுங்கிய விறைப்பான கம்பியை உள்ளே செலுத்தி, அதன் நுனியில் நம் ஒயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். பிறகு அந்தக் கீறலை சிலிகான் பசையால் அடைக்காவிட்டால், மழைக்காலத்தில் கால்மிதியடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும். உள்ளே வந்த ஒயர் கிளட்ச், பிரேக் பெடல்களின் தண்டுகளில் உரசாதபடி கேபிள் டையால் கட்ட வேண்டும். இதில் மட்டும் அவசரம் காட்டக் கூடாது.

மின் இணைப்பு

கேஜுக்கு வேண்டியவை நான்கே: சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், எர்த், இரவு விளக்குக்கான இணைப்பு, சென்சாருக்கான ஒயர். சில கேஜ்களுக்கு எப்போதும் இருக்கும் 12 வோல்ட் ஒன்றும் தேவைப்படும். ஒயரின் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பெட்டியில் வந்த தாளையே நம்ப வேண்டும்.

மின்சாரத்தை எடுக்க ஃப்யூஸ் டேப் எனப்படும் செருகியே மிகவும் பாதுகாப்பானது. இசைப்பெட்டி, சிகரெட் லைட்டர் போன்ற முக்கியமில்லாத ஃப்யூஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றுப்பை, ஏபிஎஸ், இன்ஜின் கட்டுப்பாட்டு ஃப்யூஸ்களைத் தொடக் கூடாது. இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து, ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டின் எந்தப் பக்கத்தில் மின்சாரம் இருக்கிறது என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். செருகியின் இரு ஃப்யூஸ்களுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் அமைய வேண்டும். திருப்பிச் செருகினால் கேஜ் இயங்கினாலும், இரண்டு சுமைகளும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். கேஜுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

எர்த் ஒயரை, பெயின்ட் சுரண்டிய உலோகப் போல்ட்டில் வளைய முனை போட்டு இறுக்க வேண்டும். ஒயரோடு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கம் நம் ஊர் வெப்பத்துக்கு ஒத்துவராது. மே மாதத்தில் பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதே நிலைக்கும். அதே வெயிலுக்காகத்தான், கேஜின் கிண்ணத்தை வெறும் இருபக்க டேப்பில் நம்பி ஒட்டாமல் ஸ்குரூவால் பிடிக்க வேண்டும் என்கிறேன். ஸ்டியரிங் தூணின் மேற்புறமோ, டேஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையோ ஏற்ற இடம். பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை உள்ள கார்களில் முன் தூணில் எதையும் பொருத்தக் கூடாது. பயணியின் காற்றுப்பை மூடிக்கு மேலும் அப்படியே.

சரிபார்ப்பது

பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் முள் சுழியில் நிற்க வேண்டும். உதகமண்டலம் போன்ற உயரத்தில், ஏறத்தாழ 2,240 மீட்டரில், காற்றழுத்தம் 0.77 பார்தான்; கடல் மட்டத்தைச் சுழியாக வைத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளாத மின்னணுக் கேஜ் அங்கே சுழிக்குக் கீழே 0.2 பாருக்கு மேல் இறங்கிக் காட்டும். அது கோளாறு அன்று.

இன்ஜினை ஓட்டினாலும் டீசலில் முள் சுழிக்கு அருகிலேயே இருக்கும். நியூட்ரலில் நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பவர்கள் பலரும் "கேஜ் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சுமை இல்லாமல் டர்போவைச் சுழற்றுவதற்கான வெளியேற்றக் காற்று போதாது என்பதே காரணம். காலியான சாலையில், மூன்றாம் கியரில், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2,000 ஆர்பிஎம்மை நெருங்கும்போது முள் விரைந்து மேலேறுவதும், இருக்கையில் முதுகு அழுந்துவதும் ஒரே கணத்தில் நிகழும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, உடன் வருபவர் கேஜைப் படிப்பதுதான் முறை. முள் படபடத்தால், இயந்திரக் கேஜில் ஹோஸுக்குள் குறுகிய துளையுள்ள தடுப்பைச் செருகினால் அடங்கும். ஓபிடி கணக்கோடு 0.1 பாருக்கு மேல் வேறுபட்டால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹோஸ் முனைகளை மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாம் கியரில், இந்த வேகத்தில், இந்த மேட்டில் இவ்வளவு பூஸ்ட் என்று அன்றே ஒரு தாளில் குறித்து வண்டியில் வைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா கிளிப்களையும் ஒருமுறை இறுக்க வேண்டும். பின்னாளில் அதே மேட்டில் எண் 0.2 பார் குறைந்து, கூடவே கரும்புகையும் சீறல் ஒலியும் வந்தால், டர்போ போய்விட்டது என்று சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் இன்டர்கூலர் ஹோஸ்களைக் கழற்றி, வளைத்து, அடிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.