'டூ ஸ்வீட்' என்று சொல்லி விற்காதீர்கள்

ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்டைப் புகழ நினைத்து 'டூ ஸ்வீட்' என்றால், வெளிநாட்டுப் பயணி காதில் 'திகட்டுகிறது' என்றுதான் விழும். 'டூ' அளவு மீறியதற்கான சொல். புகழ்ச்சிக்கு 'வெரி', 'ரியலி' போதும்: 'ரியலி டேஸ்டி'.

உறைபனி விழும் ஜனவரி விடியலுக்கு 'வெரி ஃப்ரீஸிங்' வேண்டாம். ஃப்ரீஸிங் என்றாலே கடுங்குளிர். 'மிக' அதற்குள்ளேயே இருக்கிறது. 'வெரி கோல்ட்' அல்லது 'அப்சல்யூட்லி ஃப்ரீஸிங்' என்பதே சரி.

பலர் தடுமாறுவது 'ஸோ'விலும் 'சச்'சிலும்தான். தொட்டபெட்டா சாலையைக் காட்டி, 'தி ரோடு இஸ் ஸோ ஸ்டீப்' எனலாம். பெயர்ச்சொல் பின்னால் வந்தால் 'சச் எ ஸ்டீப் ரோடு'. நடுவிலுள்ள 'எ'யை விழுங்கிவிடாதீர்கள். பன்மையில் அது வராது: 'சச் ஸ்டீப் ரோட்ஸ்'.