நார்அட்ரினலின்: சிரிஞ்ச் பம்பில் ஏற்றுவது முதல் நிறுத்துவது வரை

கிருமித்தொற்று உடலெங்கும் பரவி, இரத்தக் குழாய்கள் தளர்ந்து, போதிய அளவு சலைன் ஏற்றிய பிறகும் சராசரி தமனி இரத்த அழுத்தம் 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழேயே நிற்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்து நார்அட்ரினலின். நம் நரம்பு முனைகளே சுரக்கும் பொருள்தான் இது என்பதை 1946-இல் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர் கண்டறிந்தார். சிரைக்குள் சென்ற ஓரிரு நிமிடங்களில் அழுத்தத்தை உயர்த்தும் இம்மருந்து, நிறுத்திய சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். இதைக் கையாள்வதில் உள்ள எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன. மருத்துவரின் எழுத்துப்பூர்வ உத்தரவின் பேரில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இதனைக் கையாளும் செவிலியர்களுக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது.

முதலில் ஆம்பூலின் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியின்) மேலுள்ள எழுத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 2 மி.கி. நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் (இம்மருந்தின் உப்பு வடிவம்) என்பது ஏறத்தாழ 1 மி.கி. நார்அட்ரினலினுக்குச் சமம், இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் அளவு இரண்டு மடங்காகவோ பாதியாகவோ மாறிவிடும். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் 2 மி.லி. ஆம்பூலில் இருப்பது 4 மி.கி. பைடார்ட்ரேட், அதாவது 2 மி.கி. நார்அட்ரினலின். இத்தகைய இரண்டு ஆம்பூல்களை 46 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸுடன் சேர்த்தால் 50 மி.லி. கிடைக்கும், ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று உத்தரவிட்டால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம் தேவை. ஆகவே சிரிஞ்சைச் சீராகத் தள்ளும் கருவியான சிரிஞ்ச் பம்பின் வேகம் மணிக்கு 4.5 மி.லி. இந்தக் கணக்கை இன்னொரு செவிலியர் தனியாகப் போட்டுப் பார்த்த பிறகே பம்பை இயக்க வேண்டும். மருத்துவமனைக்கு மருத்துவமனை செறிவு மாறக்கூடும்; ஆனால் ஒரே பிரிவுக்குள் இரண்டு செறிவுகள் புழங்குவதை அனுமதிக்கவே கூடாது.

டெக்ஸ்ட்ரோஸ் இம்மருந்து காற்றுப்பட்டுக் கெடாமல் காக்கிறது. நார்மல் சலைனில் கலக்கும் வழக்கமும் உண்டு. கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். சோடியம் பைகார்பனேட் செல்லும் லைனில் (சிரைக்குள் மருந்து செல்லும் குழாயில்) இதைச் சேர்க்கக் கூடாது.

இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் குழாயான சென்ட்ரல் லைன் இருப்பதே நல்லது. ஆனால் அதைப் போட்டு முடிக்கும்வரை அழுத்தம் குறைந்தே கிடக்கும்படி காத்திருக்கத் தேவையில்லை. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள பெரிய சிரையில், நன்றாக ஓடும் கேனுலா (சிரைக்குள் செருகும் சிறு குழாய்) வழியே குறுகிய காலத்துக்குத் தொடங்கலாம். புறங்கைச் சிரை இதற்கு ஏற்றதன்று. கேனுலா இருக்கும் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றக் கூடாது.

நார்அட்ரினலின் செல்லும் லைனில் வேறு ஊசி எதையும் போடக் கூடாது, சலைனை வேகமாகச் செலுத்தி ஃபிளஷும் செய்யக் கூடாது. குழாய்க்குள் 1 மி.லி. கரைசல் தங்கியிருந்தால் அது 80 மைக்ரோகிராம். மேலே சொன்ன நோயாளிக்கு 13 நிமிடங்களில் சேர வேண்டிய மருந்து ஒரே தள்ளலில் உள்ளே போய்விடும். அழுத்தம் சட்டென்று எகிறும், இதயத் துடிப்பு அதற்கு எதிர்வினையாகக் குறையும். பம்பை இருந்த உயரத்திலிருந்து சட்டென்று தூக்குவதும் சிறிய அளவில் இதே விளைவைத் தரும். ஆகவே நோயாளியை இடம் மாற்றும்போது பம்பை இதயத்தின் மட்டத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அழுத்தம் நிலைப்படும்வரை இரண்டு முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, உத்தரவில் உள்ள எல்லைக்குள் சிறிது சிறிதாக அளவை மாற்ற வேண்டும். அழுத்தத்தை நேரடியாக அளக்கத் தமனிக்குள் வைக்கும் தமனி லைன் இருந்தால் துடிப்புக்குத் துடிப்பு மாற்றம் தெரியும். மானிட்டரில் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. விரல் நுனிகளின் நிறம், நகத்தை அழுத்தி விட்டதும் இரத்தம் திரும்பும் வேகம், மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி.யாவது சிறுநீர் வருகிறதா என்பது ஆகியவற்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போக நேர்ந்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம் சிரிஞ்ச் மாற்றும் நேரமே. தீர்ந்த பிறகு புதியதைக் கலக்கத் தொடங்கினால், அதற்குள் அழுத்தம் சரிந்துவிடும். கடைசி 10 மி.லி. இருக்கும்போதே அடுத்த சிரிஞ்சைக் கலந்து, பெயரும் செறிவும் நேரமும் எழுதி ஒட்டி, இரண்டாவது பம்பில் பொருத்திவிட வேண்டும். புதிய சிரிஞ்சைப் பம்பில் வைத்ததும் பிஸ்டனுக்கும் பம்பின் பிடிக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். ஆகவே குழாய் நுனியில் துளி வரும்வரை பர்ஜ் செய்த (பம்பை வேகமாக ஓட்டிக் கரைசலைத் தள்ளிய) பிறகே நோயாளியுடன் இணைக்க வேண்டும். புதிய பம்பு ஓடி, அழுத்தம் ஏறத் தொடங்குவது தெரிந்ததும் பழையதை நிறுத்தலாம்.

கேனுலாவைச் சுற்றித் தோல் வெளுத்து, சில்லிட்டு, வீங்கினால் மருந்து திசுவுக்குள் கசிகிறது என்று பொருள். அங்கே உடனே நிறுத்தி, வேறொரு சிரையில் தடையின்றித் தொடர வேண்டும். பழைய கேனுலாவைப் பிடுங்கிவிடாமல், முடிந்த அளவு மருந்தை அதன் வழியாகவே உறிஞ்சி எடுத்து, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். சுருங்கிய குழாய்களை விரிக்கும் மருந்தான ஃபென்டாலமைனை 5 முதல் 10 மி.கி. அளவில் சலைனில் கலந்து அவ்விடத்தைச் சுற்றி அவர் செலுத்துவார். 12 மணி நேரத்துக்குள் செய்தால் தோல் அழுகாமல் காக்கலாம். ஐஸ் ஒத்தடம் கூடாது, அது குழாய்களை மேலும் சுருக்கும்.

நோயாளி தேறும்போதும் மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முழுவதும் நிறுத்திய பிறகு, அந்த லைனில் எஞ்சியிருப்பதை உறிஞ்சி வெளியே எடுத்த பின்னரே அதனை வேறு மருந்துக்குப் பயன்படுத்தலாம்.