ஹோஸ்டிங் எடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் புடவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். கடையின் இணையத்தளம் திறக்கவில்லை. அதைச் செய்துகொடுத்த தம்பி வெளிநாடு போய்விட்டார், போன் எடுப்பதில்லை. தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு அந்தத் தம்பியின் மின்னஞ்சலில், தளத்தின் முகவரியான டொமைனும் அவர் பெயரில். ஐந்து வருடமாகக் காசு கட்டியவர் என் நண்பர். ஆனால் பதிவில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

அதனால்தான் விலை, வேகம் எல்லாவற்றுக்கும் முன் பெயரைப் பாருங்கள் என்கிறேன். டொட் எல்கே (.lk) முகவரி என்றால், அவற்றைப் பதியும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் அது யார் பெயரில் இருக்கிறது, புதுப்பிக்கும் அறிவித்தல் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்பதற்கான கடிதம் உங்களுக்கு வந்து சேராது. டொமைன் ஓரிடத்திலும் ஹோஸ்டிங் வேறிடத்திலும் இருப்பது இன்னும் நல்லது. ஹோஸ்டிங் கம்பனியுடன் பிணக்கு வந்தால், டொமைனை வேறு சேர்வருக்கு, அதாவது தளம் ஓடும் வேறு கணினிக்கு, திருப்பிவிட்டு வியாபாரத்தைத் தொடரலாம்.

அடுத்தது பேக்கப், அதாவது தளத்தின் மாற்றுப் பிரதி. "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்ற ஒற்றை வரியை நம்பிக் காசு கட்டுபவர்கள்தான் அதிகம். எங்கே வைக்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கேட்டால் எத்தனை மணித்தியாலத்தில் திருப்பித் தருவீர்கள் என்று கேட்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் சேர்வர்களான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. பேக்கப்பும் தாக்குதலில் அகப்பட்டது. இணையத் தொடர்பில்லாமல் தனியே எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு கடை மாதத்துக்கு ஒருமுறையாவது முழுப் பிரதியைத் தன் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்காமல் இருக்கலாமா? இறக்கியதை ஒருமுறை வேறிடத்தில் ஏற்றித் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

99.9 சதவீதம் சேர்வர் ஓடும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் பார்த்தால் வருடத்தில் கிட்டத்தட்ட 8 மணித்தியாலம் 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். வெறும் 99 என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். வாக்குத் தவறினால் பெரும்பாலும் ஹோஸ்டிங் கட்டணத்தில்தான் கொஞ்சம் கழிப்பார்கள், போன வியாபாரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

விலையில் ஏமாறும் இடம் முதல் வருடச் சலுகை. புதுப்பிக்கும்போது என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் டொலரிலா ரூபாயிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அன்றைக்கு டொலர் பில் வைத்திருந்த சின்னக் கடைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "அன்லிமிட்டட்" என்று போட்டிருந்தால், கோப்புகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும்.

சேர்வர் எங்கே என்பது வாடிக்கையாளரைப் பொறுத்தது. கொழும்பில் வாங்குபவர்களுக்குச் சிங்கப்பூரோ மும்பையோ அமெரிக்காவை விடக் கிட்ட, தளம் சீக்கிரம் திறக்கும்.

அப்புறம், காசு கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிறு இரவு பத்து மணிக்கு அவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். பேக்கப்பைப் பற்றியே கேளுங்கள். எப்போது பதில் வருகிறது, கேட்டதற்கா வருகிறது என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று கம்பனிகளிடம் இதையே செய்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நண்பரின் டொமைன் அவர் பெயருக்கு மாறியபோது தை பிறந்துவிட்டது. அந்தத் தீபாவளி ஓடர்களை அவர் மனைவி வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக எழுதி எடுத்தார்.