யெல்லோஸ்டோன் பயணத்தில் குழந்தையின் பிறந்தநாள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு காரில் செல்லும் நாட்களில் குழந்தையின் பிறந்தநாள் வருமானால், பார்வையாளர் மையத்தில் குழந்தைகளுக்கான ‘ஜூனியர் ரேஞ்சர்’ (இளம் பூங்காக் காவலர்) பயிற்சி ஏட்டை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். அதை நிறைவு செய்து பிறந்தநாளன்று ரேஞ்சரிடம் காட்டினால், குழந்தையை உறுதிமொழி எடுக்கச் செய்து அவர் வழங்கும் சின்னம், கடைப் பரிசுகள் அனைத்தையும்விட மேலானது என்பதே என் கருத்து.

ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீரூற்று ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிடும். அடுத்த நேரத்தை அங்கேயே அறிவித்திருப்பார்கள் என்பதால், அதற்குச் சற்று முன்னதாக வாழ்த்துப் பாடலை வைத்துக்கொள்ளலாம்.

கிரீம் கேக் காரின் வெப்பத்தில் உருகிவிடும். மேற்பூச்சு இல்லாத கப்கேக்குகளே வசதியானவை. கரடிகள் வெகு தொலைவிலிருந்தே மோப்பம் பிடிக்கக்கூடியவை ஆகையால், சிந்திய துணுக்குகளையும் பொறுக்கியெடுத்து, மிச்சத்தைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பலூன்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். பறந்து சென்று கிழிந்தவற்றை விலங்குகள் விழுங்கிவிடக்கூடும்.