மலையில் ஓர் அரைநாள் ஜெபம்: முதல்முறை உட்காருகிறவர்களுக்கு

முதன்முதலாக அரைநாள் தனியாக ஜெபிக்கப் போனபோது நான் ஜெபக்குறிப்புகளை நோட்டில் வரிசையாக எழுதி எடுத்துப் போனேன். குடும்பம், சபை, வேலை, தேசம், மிஷனெரிகள் என்று மொத்தம் 31 குறிப்புகள். முழங்காலில் நின்று ஒன்றையும் விடாமல் ஜெபித்து, ஆமென் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 22 நிமிடம் ஆகியிருந்தது. மீதி நாலரை மணி நேரத்துக்கு என்ன செய்வதென்று புரியாமல் மறுபடி முதல் குறிப்பிலிருந்து தொடங்கினேன். ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ தூங்கிப்போனேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம்; ஆயுசு முழுவதும் கொழுந்து பறித்தவர். நடந்ததை அவரிடம் சொன்னபோது பொக்கை வாயால் சிரித்துவிட்டு, "அவரிடம் கணக்கு ஒப்புவிக்கவா தம்பி போனாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம்?

முதல் தடவைக்கு 5 மணி நேரம் போதும். காலை 7.30 முதல் 12.30 வரை. முழு இரவு ஜெபத்துக்குப் போய்ப் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் முழு இரவு ஜெபத்தில் பாட்டு உண்டு, செய்தி உண்டு, நடு இரவில் சுக்குக் காப்பி உண்டு. நீங்கள் சோர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ‘ஸ்தோத்திரம்’ என்று சத்தமிட்டு உங்களையும் சேர்த்து இழுத்துப்போவார். தனி ஜெபத்தில் இழுக்க ஆளில்லை. முதல் தடவையே மூன்று நாள் உபவாசம் என்று கிளம்பாதீர்கள்.

இயேசு இரா முழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மலைமேல்தான் ஏறிப் போனார். விடிந்ததும் 12 பேரைத் தெரிந்துகொண்டார். அந்தப் பட்டியலில், பின்னால் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்காரியோத்தும் இருந்தான். ஜெபித்துவிட்டேன், இனி நான் எடுக்கும் முடிவெல்லாம் இனிப்பாகவே முடியும் என்று நினைக்கிறவர்கள் அந்த வசனத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்க வேண்டும்.

எங்கே, எப்போது?

காட்சிமுனைகள் வேண்டாம். அங்கே தேவனும் இருக்கிறார், செல்பி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நீலகிரியில் அமைதி தேடுவதே வீண். ஜூன் தொடங்கி மழை; எங்கள் கிழக்குச் சரிவில் அக்டோபர், நவம்பரிலும் பலமாகப் பெய்யும். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும் எனக்குப் பிடித்த காலம்: வெயில் இருக்கும், கூட்டம் இருக்காது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்து ஜெபிப்பது நினைக்க அழகாக இருக்கும். விடியற்காலையில் கரடியும் காட்டெருமையும் அதே பாதையில்தான் வருகின்றன. சோலைக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. ஆகவே காலை நேரத்தைக் கூரையின்கீழ் கழியுங்கள். உங்கள் ஊர் ஆலயத்தை வாரநாளில் திறந்துதரும்படி ஆயரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1830-இல் அர்ப்பணிக்கப்பட்டது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரங்கள் அதில் இருக்கின்றன. அதனாலேயே பார்வையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெடுநேரம் உட்கார அது தோதான இடமில்லை. கத்தோலிக்க நண்பர்கள் காந்தல் குருசடிக்குப் போகிறார்கள். எதுவும் அமையாவிட்டால் வீட்டில் ஓர் அறை போதும். கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்பது இயேசுவே சொன்ன யோசனை.

பையில் என்ன?

அச்சிட்ட வேதாகமம், நோட்டு, பென்சில். இங்கே ஈரக்காற்றில் தாள் நமத்துப்போய்ப் பேனா எழுத மறுக்கும், பென்சில் எழுதும். கைக்கடிகாரம், குல்லா, சால்வை, கீழே விரிக்கத் தடித்த ஒரு விரிப்பு, பிளாஸ்கில் வெந்நீர் அல்லது தேநீர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலாக இருக்கட்டும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். ‘வேதாகமச் செயலி அதில்தான் இருக்கிறது’ என்பது நானும் சொல்லிப் பார்த்த சாக்கு. அணைப்பதற்கு முன் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

உபவாசம் உங்கள் விருப்பம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டுவிட்டே வரலாம். சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். பேச்செல்லாம் அப்புறம் ஓரேப் மலையில். அந்த எலியாவைப்போல மனம் மிகவும் நொந்திருக்கும் நாள்களில் தனியாகப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மணி நேரம் வீணாகப் போகும்

போகட்டும். கால் மணி நேரம் ஆலய வளாகத்துக்குள் நடங்கள். பிறகு உட்கார்ந்து ஒரே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மூன்று தடவை வாசியுங்கள், ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மெதுவாக. 62-ஆம் சங்கீதமோ 139-ஆம் சங்கீதமோ நல்லது. மனம் கனத்திருந்தால் 13-ஐ எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிற ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குள் சமையல் கேஸ் பதிவு செய்யாதது, மச்சானுக்குத் தர வேண்டிய பணம், குழந்தையின் இருமல் எல்லாம் வந்து நிற்கும். விரட்டாதீர்கள், விரட்டினால் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதி இறக்கியது பெரும்பாலும் திரும்பக் கூப்பிடாது. பனிமூட்டம் விலகுவதுபோல மனம் தெளியும் என்று இந்த இடத்தில் யாராவது உவமை சொல்வார்கள். எங்கள் ஊரில் பனிமூட்டம் சில நாள்களில் சாயங்காலம்வரை விலகுவதே இல்லை. மனமும் அப்படித்தான். விலகாவிட்டாலும் அடுத்ததைத் தொடங்குங்கள்.

ஒரு கட்டளை, நான்கு இழை

இதுதான் எனக்கு உண்மையாகவே உதவிய படி, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தருக்கு முடிவெட்டிய பீட்டர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். 1535-இல் லுத்தர் அவருக்காகச் சின்னதாக ஒரு நூலே எழுதினார். அதில் நாவிதரின் தொழிலையே உதாரணமாக எடுக்கிறார்: கத்தி கையில் இருக்கும்போது கண் முடிமேல் இருக்க வேண்டும், ஊர்க்கதை பேசிக்கொண்டே சிரைத்தால் எதிரே இருப்பவரின் மூக்கோ தொண்டையோ போய்விடும். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்கிறார்.

முறை இது. பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்து நான்கு இழையாகப் பிரித்து மாலைபோலத் தொடுப்பது: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. நான் எடுத்த ஒன்றைச் சொல்கிறேன்: "களவு செய்யாதிருப்பாயாக."

கற்பிப்பது: பிறன் பொருளை எடுக்காதே என்று எனக்குச் சொன்னவர், என் பொருளை எடுக்காதே என்று ஊருக்கும் சொல்லியிருக்கிறார். அது கட்டளை, கூடவே காவல். எனக்கு இது புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் இதிலேயே இருந்தேன். நன்றி: வீட்டைப் பூட்டாமல் பக்கத்து வீட்டை நம்பிப் போகிற இந்தத் தெருவுக்காக, கடன் பத்திரம் எழுதாமல் பணம் தந்த சித்தப்பாவுக்காக. அறிக்கை: இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மழைநாளில் இலையோடு ஈரமும் எடை சேரும் என்பதால் ஒரு பங்கைக் கழித்து எழுதுவோம். எவ்வளவு கழிப்பது என்பதில் தராசடியில் நிற்கிறவனின் கண்ணளவும் உண்டு. எப்போதும் வாய்ச்சண்டை போடுகிற ஒரு விவசாயிக்கு நான் வேண்டுமென்றே 2 கிலோ அதிகமாகக் கழித்திருந்தேன். பணம் என் பைக்கு வரவில்லை, ஆகவே அது களவாகவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. 22 நிமிட ஜெபத்தில் அந்த 2 கிலோ எட்டிப் பார்த்திருக்காது. கேட்பது: இதற்குப் பிறகு கேட்க வேண்டியது தானாக வந்தது.

நான்கு இழையையும் முடித்தே தீர வேண்டும் என்றில்லை. நடுவில் ஏதாவது ஒன்று மனத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள் என்று லுத்தரும் சொல்கிறார். கட்டளை கடினமாகத் தோன்றினால் பரமண்டல ஜெபத்தின் ஒரு வரியை இதேபோல் எடுத்துக்கொள்ளலாம்.

வறட்சியும் தூக்கமும்

ஒன்பதரை மணி சுமாருக்கு எதுவும் ஓடாது. தூக்கம் வந்தால் 20 நிமிடம் முறையாகத் தூங்கிவிடுங்கள். கெத்செமனேயில் சீஷர்களே தூங்கினார்கள், ஆனால் அவர்களைப்போல ஜெபிப்பதாகப் பேர்பண்ணிக்கொண்டு தூங்க வேண்டாம்.

தூக்கமில்லாத வெறும் வறட்சிக்கு வேறு மருந்து. பழனி மலையில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில், இயேசு சபையார் 1895-இல் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் பயிற்சிக் குறிப்புகளில் ஒன்று சொல்கிறார்: ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து உட்கார்ந்தவனுக்கு ஆறுதல் இருக்கும்போது அந்த மணியை முடிப்பது எளிது, வறட்சியில் மிகக் கடினம், ஆகவே வறண்ட நாளில் ஒரு மணிக்கும் சற்று மேலேயே இரு. நான் சி.எஸ்.ஐ.காரன் (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கன் அல்ல; இருந்தாலும் இதைக் கடன் வாங்கிக்கொண்டேன். எழுந்து போக வேண்டும்போல் இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் பேசுவதில்லை.

நிரைக்கு ஒரு வீடு

பத்தரை மணிக்கு மேல், வெயில் நன்றாக ஏறியதும், ஆள் நடமாட்டம் உள்ள சாலையில் இறங்குங்கள். மற்றவர்களுக்காக மன்றாட நடை நல்லது. இது பாட்டியின் முறை. கொழுந்து பறிக்கும்போது ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலைச் செடி, ஏறி முடிகிறவரை ஒரே ஒரு வீட்டுக்காக ஜெபிப்பாராம்: அந்த வீட்டு மாமியார், மருமகள், பள்ளிக்குப் போகிற பையன், நோயில் கிடக்கிற மாடு. அடுத்த நிரையில் அடுத்த வீடு. "கூடையும் நிறையும், ஊரும் முடியும்" என்பார். உங்களுக்கு நிரை இல்லாவிட்டால் மின்கம்பம் இருக்கிறது: ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை ஒருவர். உதட்டை மட்டும் அசையுங்கள். உரக்கப் பேசிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள்.

உங்கள் சொந்த ஜெபக்குறிப்புப் பட்டியலை இந்த நடை முடிந்தபிறகே திறக்க வேண்டும். என் 31 குறிப்புகளில் சிலவற்றை அப்போது கேட்கவே கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

கடைசி அரை மணி

திரும்பி வந்து உட்காருங்கள். தேநீர் ஊற்றிக்கொள்ளுங்கள், வர்க்கி இருந்தால் சாப்பிடலாம். இதுவும் இஞ்ஞாசியார் சொன்னதுதான்: ஜெபம் முடிந்ததும் கால் மணி நேரம், அது எப்படிப் போனது என்று திரும்பிப் பாருங்கள். எங்கே நின்றீர்கள், எங்கே ஓடினீர்கள், எந்த வசனம் திரும்பத் திரும்ப வந்தது என்று பென்சிலால் நாலைந்து வரி எழுதினால் போதும்.

மனத்தில் தோன்றிய எல்லாவற்றையும் கர்த்தர் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள். வேலையை விடுவது, கல்யாணம், நிலம் வாங்குவது போன்றவை தோன்றியிருந்தால் தேதியோடு குறித்துவைத்து, வேதத்தோடு ஒப்பிட்டு, உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு மூத்தவரிடம் கேளுங்கள். ஒரு மாதம் பொறுத்தால் எதுவும் குடிமுழுகிவிடாது. ஆனால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும், எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருந்தால் அதற்கு ஒரு மாதம் பொறுக்காதீர்கள்.

கிளம்புமுன் அடுத்த நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிடுங்கள். அன்று மாலை வேறு கூட்டம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மாதம் நோட்டில் நான் எழுதிய கடைசி வரி: ‘திங்கள் காலை, 2 கிலோ சேர்த்து எழுது.’ திங்கட்கிழமை அந்த விவசாயியிடம் நடந்ததைச் சொல்லிச் சேர்த்து எழுதினேன். கேட்டுக்கொண்டு நின்றவர், அன்றைய எடையும் குறைகிறது என்று சண்டைக்கு வந்தார்.