துரின் நகரத்துப் பியோலாவில் சாப்பிடப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

இத்தாலியின் துரின் நகரில் பெரிய சதுக்கங்களை விட்டு விலகி வன்கீலியா, சான் சல்வாரியோ போன்ற பகுதிகளின் தெருக்களுக்குள் நடந்தால், பத்துப் பன்னிரண்டு மேசை மட்டுமே போட்ட சின்ன உணவகங்கள் கண்ணில் படும். இந்த மாதிரிக் கடைகளுக்கு அந்த ஊரில் பியோலா என்று பெயர். ஒரு காலத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் ஒரு கோப்பை ஒயினும் தொட்டுக்கொள்ள ஏதாவதும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன இடங்கள். இன்றைக்கும் பலவற்றில் சமையல் எளிமையானதுதான். ஒயின் பட்டியல் மட்டும் பக்கம் பக்கமாக நீளும். பரோலோ, பார்பரெஸ்கோ என்ற ஒயின்கள் உருவாகிற லாங்கே குன்றுகள் காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? அந்தத் திராட்சைத் தோட்டங்களை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இப்படிப்பட்ட கடைக்குப் போகிறவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்காதே, மீன் பாஸ்தாமேல் சீஸ் தூவாதே. கேட்டால்தான் என்ன, ஒரு சின்னப் புன்னகையோடு கொண்டுவந்து வைப்பார்கள். காசையும் ஒரு மாலைப்பொழுதையும் உண்மையிலேயே கெடுக்கிற தவறுகள் வேறு. பெரும்பாலும் அவை தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்வதாலும், கேட்கக் கூச்சப்படுவதாலும் வருபவை.

பெயர் தெரிந்த ஒயினைக் கேட்பது

பட்டியலில் நூறு பெயர் இருக்கும். அதில் நமக்குத் தெரிந்தது பரோலோ ஒன்றுதான். அதனால் விரல் அங்கே போய் நிற்கும். பரோலோ நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது. சட்டப்படி குறைந்தது 38 மாதம் முதிரவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இவ்வளவு காத்திருந்து கடைக்கு வரும்போதும் அது இளசுதான். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு எப்படி இழுத்துப் பிடிக்குமோ, இளம் பரோலோவின் துவர்ப்பும் அப்படிப் பிடிக்கும். துவர்ப்புக்குக் காரணமான டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. கூடவே கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாடு இருந்தால் அது தணிந்து, ஒயினின் மணம் மேலே வரும். அதனால்தான் அங்கே நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியோடும் முதிர்ந்த பாலாடைக்கட்டியோடும் பரோலோவைக் குடிக்கிறார்கள். ஒரு சாலட்டையும் கத்தரிக்காயையும் முன்னால் வைத்துக்கொண்டு நூறு யூரோ பரோலோவைத் திறந்தால் இரண்டுமே வீண்.

உள்ளூர்க்காரர்கள் வாரநாளில் குடிப்பது பெரும்பாலும் பார்பேரா, தொல்செட்டோ. பார்பேராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. தக்காளி, வெண்ணெய், தொத்திறைச்சி என்று எதோடும் ஒத்துப்போகும். தொல்செட்டோ இனிக்காது. பெயருக்குச் சின்ன இனிப்பு என்று பொருள், அதைப் பார்த்து இனிப்பு ஒயின் என்று வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. நெபியோலோவைத்தான் ருசி பார்க்கவேண்டும் என்றால் லாங்கே நெபியோலோ என்று கேளுங்கள். அதே திராட்சை, அதே வட்டாரம், குறைவான முதிர்வு. விலை பரோலோவில் பாதிக்கும் கீழே இருப்பது வழக்கம். வெள்ளை ஒயின் வேண்டுமென்றால் ரோவேரோ பகுதியின் ஆர்னெய்ஸ் இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, எவ்வளவு செலவழிக்கலாம் என்று நினைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவது. நம் ஆட்களுக்கு விலையைப் பேசினால் மரியாதை போய்விடும் என்று ஒரு எண்ணம். ஒயினுக்குப் பெயர்போன சின்னக் கடையில் மேசைக்கு வருகிறவர் பெரும்பாலும் உரிமையாளராகவோ, அந்தப் பட்டியலைத் தானே சேர்த்தவராகவோ இருப்பார். பட்டியலில் 28 யூரோ என்று இருக்கும் ஒரு வரியைத் தொட்டுக்காட்டி, “இந்த மாதிரி ஒன்று வேண்டும், இன்ன சாப்பாடு சொல்லியிருக்கிறோம்” என்றால் அவருக்குப் போதும். எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாமலே விலை சொல்லியாகிவிட்டது. 28-க்குள் நல்லதாக ஒன்றைத் தேடித்தருவது அவருக்குப் பிடித்த வேலை. விலை சொல்லாமல் “நல்லதா ஒண்ணு கொடுங்க” என்று விட்டுவிட்டு, பில்லைப் பார்த்து முகம் மாறினால் அதற்கு அவர் என்ன செய்வார்?

ஒரு பாட்டில் 750 மில்லி, சுமார் ஐந்து கோப்பை. இரண்டு பேருக்கு அது அதிகம் என்றால் கோப்பைக் கணக்கில் கேட்கலாம், அல்லது கடைக்காரர் தானே தேர்ந்துவைத்திருக்கும் “வீட்டு ஒயினை”க் கால் லிட்டர், அரை லிட்டர் குடுவையில் வாங்கலாம். வீட்டு ஒயின் என்றதும் தண்ணீர் கலந்த மட்டரகம் என்று ஒதுக்கவேண்டாம். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது: 1986-இல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் இத்தாலியில் 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஒயின் புறப்பட்டது துரின் இருக்கிற இதே பீட்மாண்ட் வட்டாரத்திலிருந்துதான். அதற்குப் பிறகு கண்காணிப்பு இறுகியது. இங்கே பல உற்பத்தியாளர்கள் அளவைக் குறைத்துத் தரத்தின் பக்கம் திரும்பினார்கள். ஒயினால் பெயர் வாங்கிய கடைக்காரர் தன் குடுவையில் மட்டமானதை ஊற்றித் தன் பெயரையே கெடுத்துக்கொள்ள மாட்டார்.

பாட்டிலைத் திறந்ததும் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கார்க் கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். சந்தேகமாக இருந்தால் அவரையே முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். ஆனால் “எனக்கு இந்த ருசி ஒத்துவரவில்லை” என்று திருப்பி அனுப்புவது முறையில்லை. அங்கே நாலு நிமிடம் கோப்பையைச் சுழற்றிக் கண்ணை மூடி நாடகம் போடுவதும் வேண்டாம். முகர்ந்து பார்த்துத் தலையசைத்தால் போதும்.

தட்டில் நடக்கும் விபத்துகள்

இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் ஒன்றில் கட்டாயம் கவனமாக இருக்கவேண்டும். அக்டோபர் முதல் ஆண்டு முடியும் வரை ஆல்பா வட்டாரத்து வெள்ளை ட்ரஃபிள் காளானுக்கு முக்கியப் பருவம். பாஸ்தா வந்ததும் ஒருவர் காளானையும் அதைச் சீவும் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்து, “கொஞ்சம் போடட்டுமா?” என்பார். இலவசம் என்று நினைத்துத் தலையாட்டக்கூடாது. அது கிராம் கணக்கு. கிராம் 5 யூரோ என்றால், பத்து கிராம் விழுந்ததும் பாஸ்தாவைவிட அதன்மேல் விழுந்த சீவல் மூன்று மடங்கு விலை. சீவும் முன்பும் பின்பும் எடை பார்ப்பது வழக்கம். கிராம் என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். ஐந்து கிராம் போதும் என்றும் சொல்லலாம். அது கஞ்சத்தனம் அல்ல, உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

சைவக்காரர்கள் “வெஜிடேரியன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது அடுத்த சிக்கல். பீட்மாண்ட் சமையல் வெளிப்பார்வைக்குச் சைவம்போல் தெரியும், உள்ளே அப்படி இருக்காது. வறுத்த குடமிளகாயோடு வரும் பாஞ்ஞா காவுதா குழம்பு நெத்திலி போன்ற மீனையும் பூண்டையும் எண்ணெயில் கரைத்தது. ரிசோட்டோ பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்தது. குட்டிக் கொழுக்கட்டை அளவுள்ள அஞ்ஞொலோட்டி தெல் ப்லின் பாஸ்தாவுக்குள் இருப்பது வழக்கமாக இறைச்சி. ரஷ்ய சாலட்டில் சூரை மீன் கலந்திருப்பது உண்டு. “சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ப்ரோதோ” என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்த தயாரின் இருக்கிறது. கிலோ மாவுக்கு 30 மஞ்சள்கரு வரை போட்டுப் பிசைந்த நூல்போன்ற பாஸ்தா அது. பாலாடைக்கட்டிகளில் பலவும் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்து உறையவைத்தவை என்பதையும் கடுஞ்சைவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மது வேண்டாம் என்பவர்கள் வெட்கப்படவே வேண்டாம். தண்ணீர் மட்டும் குடிப்பவரை யாரும் முறைக்கமாட்டார்கள். ஆனால் மது கோப்பையில் மட்டும் இருப்பதில்லை. பரோலோவிலேயே வேகவைத்த மாட்டிறைச்சி உண்டு, பரோலோ ரிசோட்டோ உண்டு. சபாயோனே என்ற முட்டை இனிப்பில் ஒயின் சேரும், பொனெத் என்ற சாக்லேட் புட்டிங்கில் ரம் சேர்ப்பது வழக்கம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெனுவில் ஆரம்பத் தட்டு, பாஸ்தா, இறைச்சி, காய், இனிப்பு என்று வரிசையாக இருப்பதைப் பார்த்து ஐந்தையும் சொல்லவேண்டும் என்று பதறாதீர்கள். இரண்டு போதும். ஆரம்பத் தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். பாஸ்தா மட்டும் அவரவர் தட்டில். மிளகாய் கேட்கலாமா? கேட்கலாம்தான், ஆனால் மதுவோடு சேர்ந்தால் காரத்தின் எரிச்சல் கூடும். பணம் கொடுத்து வாங்கிய ஒயின் எரிச்சலில் காணாமல் போகும். கடைசியில் இனிப்போடு மீதமிருக்கும் பரோலோவை முடிக்கப் பார்ப்பதும் எடுபடாது. அதற்கு மொஸ்காட்டோ தாஸ்தி இருக்கிறது. இலேசாக நுரைக்கும், 5 சதவீத அளவுக்குத்தான் ஆல்கஹால், விலையும் குறைவு.

நேரம், சத்தம், பில்

இரவு ஏழரைக்கு முன்னால் போனால் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை இருக்கும், ஆகஸ்ட் நடுவில் பல கடைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். போன் செய்து மேசை சொல்லிவைப்பது நல்லது. வர முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடவேண்டும். பன்னிரண்டு மேசையில் ஒன்று காலியாகக் கிடப்பது அவர்களுக்குச் சின்ன நஷ்டம் அல்ல. பழைய பாட்டில் எதையாவது குடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அந்த போனிலேயே சொல்லுங்கள், முன்னாலேயே நிமிர்த்திவைத்து வண்டலை அடியில் இறங்கவிடுவார்கள்.

செங்கல் வளைவுக் கூரை உள்ள கடைகளில் சத்தம் எகிறும். எட்டுப் பேராகப் போய்ச் சிரித்துப் பேசினால் மொத்தக் கடைக்கும் உங்கள் குடும்பக் கதை தெரிந்துவிடும். ஸ்பீக்கரில் வீடியோ கால் போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சாப்பிட்டு முடித்தும் பில் வரவில்லை என்று கோபப்படாதீர்கள். கேட்காமல் பில் கொண்டுவந்து வைப்பது அங்கே “எழுந்து போ” என்று சொல்வதுபோல ஆகிவிடும். “இல் கோன்ட்டோ” என்று நீங்கள்தான் கேட்கவேண்டும். பில்லில் கோப்பெர்ட்டோ என்று ஆளுக்கு 2, 3 யூரோ இருந்தால் அது ஏமாற்று அல்ல. விரிப்பு, ரொட்டி, மேசையில் வைத்திருந்த கிரிஸ்ஸீனி என்ற ரொட்டிக் குச்சிகள் எல்லாவற்றுக்குமான இருக்கைக் கட்டணம், மெனுவிலும் போட்டிருப்பார்கள். அதற்குமேல் 15 சதவீதம் டிப்ஸ் கணக்குப் போடவேண்டியதில்லை. மனசு நிறைந்திருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வாருங்கள். பாட்டிலில் மிச்சம் இருந்தால் கார்க் போட்டுத் தரச்சொல்லி எடுத்துவரலாம். காரில் வந்திருந்தால் அப்படிச் செய்வதே நல்லது: இத்தாலியில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு ஒரு துளியும் கூடாது.